ஆல்ட்கெல்ட்டை வீழ்த்தியது அந்த ஒரு கையெழுத்தா?

நீங்கள் கேட்டது இது: மே தின வரலாற்றில் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட் என்ற இல்லினாய் ஆளுநரின் பெயர் வருகிறது. சிகாகோ ஹேமார்க்கெட் வழக்கில் தூக்குக்குத் தப்பிச் சிறையில் கிடந்த மூவரை 1893-இல் விடுதலை செய்தார், அந்த ஒரு கையெழுத்தோடு அவருடைய அரசியல் முடிந்தது என்கிறார்கள். இது உண்மையா? கூடவே அவர் சோசலிஸ்டா, ஜெர்மானியர் என்பதால் தன் இனத்தாருக்கு உதவினாரா, அந்த மூவர் அப்புறம் என்ன ஆனார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதவியில் இருந்த ஒரு மனிதர் தெரிந்தே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாரா, எதற்காக என்பதுதான் கேள்வியின் சாரம் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வக்கீல், வரலாற்று ஆய்வாளன் அல்ல. ஆல்ட்கெல்ட்டின் விடுதலை உத்தரவை ஒரு சட்ட ஆவணமாகப் பலமுறை படித்திருக்கிறேன்; அந்தக் கோணத்தில்தான் என்னால் பேச முடியும். ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்துத் தீர்ப்புச் சொல்லவைக்கும் குழு, முன்னால் வாதாடிய அனுபவம் எனக்குக் கிடையாது. நம் நாட்டில் அந்த முறை போய் வெகுகாலம் ஆயிற்று, ஆகவே அந்த விஷயத்தில் என்னுடையது ஏட்டறிவுதான்.

கையெழுத்தோடு எல்லாம் முடிந்தது என்பது பாதி உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள அந்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 1847 டிசம்பரில் ஜெர்மனியின் நாசாவ் பகுதியில், நீடர்செல்டர்ஸ் என்ற ஊரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து ஒஹையோவில் மான்ஸ்ஃபீல்ட் பக்கம் குடியேறினார்கள். வீட்டில் ஜெர்மன், வயிற்றுக்கு விவசாயம், பையன் படிப்பதில் அப்பாவுக்கு அக்கறை இல்லை. 16 வயதில் உள்நாட்டுப் போரில் நூறு நாளுக்கு மட்டும் ஆள் சேர்த்த ஒஹையோ படையணி ஒன்றில் சேர்ந்தார். போன இடத்தில் பிடித்த காய்ச்சலின் விளைவுகள் அவரைக் கடைசிவரை விடவில்லை. திரும்பி வந்து பள்ளி ஆசிரியர். எம்மா ஃபோர்டு என்ற பெண்ணை விரும்பினார், பெண்ணின் அப்பா சம்மதிக்கவில்லை. 1869-இல் மேற்கே நடையைக் கட்டினார். செயின்ட் லூயிஸில் ரசாயனத் தொழிற்சாலை, ஆர்கன்சாவில் ரயில் பாதை போடும் கூலி வேலை, மறுபடி காய்ச்சல். கடைசியில் மிசௌரியின் சவானா என்ற சிற்றூரில் ஒதுங்கினார். அங்கே பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே சட்டம் படித்து 1871-இல் வக்கீல் ஆனார். சட்டக் கல்லூரி வாசலை மிதிக்காமல் வக்கீலாவது அன்றைக்கு அங்கே சாதாரணம். 1874-இல் அந்த மாவட்டத்தின் அரசு வழக்கறிஞராகத் தேர்தலில் ஜெயித்தவர், மறு வருடமே பதவியை உதறிவிட்டுச் சிகாகோவுக்குப் போய்விட்டார்.

1871 பெருந்தீயில் எரிந்த சிகாகோ அப்போது மீண்டும் எழும்பிக்கொண்டிருந்தது. வக்கீல் தொழிலில் சேர்த்த பணத்தை மனையில் போட்டார், கட்டடத்தில் போட்டார். எம்மாவையே 1877-இல் கல்யாணம் செய்துகொண்டார். 1890-களின் தொடக்கத்தில் டியர்பார்ன் தெருவில் 16 மாடி யூனிட்டி கட்டடத்தை எழுப்பும் அளவுக்குப் பணக்காரர். ‘புரட்சிக்காரர்’ என்ற படத்தை மனதில் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். இவர் வாடகை வாங்கிய மனிதர். அதே ஆள் 1884-இல் சிறை முறையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். காவல்துறை அன்றாடம் பிடித்து அடைப்பவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், குற்றம் நிரூபணமாகும் முன்பே அடைபட்டவர்கள், இந்த இயந்திரம் குற்றவாளிகளைத் திருத்தவில்லை, உற்பத்தி செய்கிறது என்பது அதன் வாதம். ஒஹையோவில் ஒரு மூலையில் வக்கீலாக இருந்த கிளாரன்ஸ் டாரோ அதைப் படித்துவிட்டுச் சிகாகோவுக்கு வந்து இவரைத் தேடிப் பிடித்தார். 1886-இல் ஆல்ட்கெல்ட் குக் மாவட்ட சுப்பீரியர் கோர்ட் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1892-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்று ஏறத்தாழ 23,000 வாக்கு வித்தியாசத்தில் ஆளுநர். அமெரிக்காவில் மாநில ஆளுநரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், நம் ஊர் போல நியமனம் இல்லை. இல்லினாயின் முதல் வெளிநாட்டில் பிறந்த ஆளுநர் இவர்தான்.

இனி வழக்கு. 1886 மே முதல் தேதி எட்டு மணி நேர வேலைக்கான வேலைநிறுத்தம். மே 3 மக்கார்மிக் ஆலை வாசலில் தொழிலாளர்மீது காவலர் துப்பாக்கிச் சூடு. மே 4 இரவு ஹேமார்க்கெட்டில் கண்டனக் கூட்டம். மேயர் கார்ட்டர் ஹாரிசன் நேரில் வந்து பார்த்து, அமைதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபின் காவல் அதிகாரி ஜான் பான்ஃபீல்ட் படையோடு வந்தார்; கூட்டத்தைக் கலையச் சொன்னார்கள். யாரோ குண்டு வீசினார்கள். காவலர்கள் 7 பேர் இறந்தார்கள். தொழிலாளர் இயக்கத்தில் இருந்த அராஜகவாதிகள் எட்டுப் பேர்மீது வழக்கு. ஏழு பேருக்குத் தூக்கு, ஆஸ்கர் நீபிக்கு 15 வருடம். 1887 நவம்பர் 11-இல் நால்வரைத் தூக்கிலிட்டார்கள். லூயிஸ் லிங் முந்தின நாள் சிறையிலேயே தற்கொலை செய்துகொண்டார். சாமுவேல் ஃபீல்டன், மைக்கேல் ஷ்வாப் இருவருக்கும் அன்றைய ஆளுநர் ஓக்லெஸ்பி ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். குண்டு வீசியவர் யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. இந்த வழக்கைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் இந்த ஒன்றை முதலில் நினைவில் வையுங்கள்.

1893-இல் ஆல்ட்கெல்ட் முன் வந்த கருணை மனுவில் சிகாகோவின் வியாபாரிகள், வங்கிக்காரர்கள், வக்கீல்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ‘குற்றவாளிகளாகவே இருக்கட்டும், அனுபவித்த தண்டனை போதும்’ என்பதுதான் மனுவின் அடிப்படை. ஓர் அரசியல்வாதிக்கு இதைவிடப் பத்திரமான வழி கிடையாது. அதை ஏற்று நாலு வரியில் உத்தரவு போட்டிருந்தால் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு ஊர் அடங்கியிருக்கும். ஆல்ட்கெல்ட் அந்த வழியை எடுத்த எடுப்பிலேயே மூடிவிடுகிறார். இவர்கள் நியாயமான விசாரணையில் குற்றவாளிகள் என்று தீர்ந்தவர்களானால் நான் தலையிட இடமே இல்லை, அப்படிப்பட்ட குற்றத்துக்கு எந்தத் தண்டனையும் அதிகமில்லை, அரசு தன்னைக் காத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்கிறார். ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று: விசாரணை ஒழுங்காக நடந்ததா? அதற்குப் பிறகு வருபவை முழுக்க ஒரு மேல்முறையீட்டு வக்கீலின் வாதங்கள்.

முதல் அடி ஜூரி மேல். வழக்கமாகச் சீட்டுக் குலுக்கி எடுக்கும் பெயர்களை விட்டுவிட்டு, ஹென்றி ரைஸ் என்ற தனி அலுவலரை நியமித்து அவர் இஷ்டத்துக்கு ஆட்களைக் கூட்டிவரச் செய்தார்கள். மொத்தம் 981 பேரை விசாரித்துத்தான் 12 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எதிர்த்தரப்பு தன் நிராகரிப்பு வாய்ப்புகளை (காரணம் சொல்லாமல் ஓர் ஆளை ஜூரியிலிருந்து விலக்க, எண்ணிக்கையோடு கிடைப்பவை) வீணாக்கும்படியான ஆட்களைத்தான் கூப்பிடுகிறேன், இவர்கள் தூக்கில் தொங்குவது நிச்சயம் என்று ரைஸ் பேசியதாக ஒரு வியாபாரியின் அஃபிடவிட் இருக்கிறது. ஆல்ட்கெல்ட் அதை அப்படியே எடுத்து வைக்கிறார். இறந்த காவலர் ஒருவரின் உறவினரைக்கூட ‘பாரபட்சமில்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியும்’ என்று நீதிபதி ஜோசப் கேரி தகுதியானவராக்கினார். அந்த ஆளை வெளியேற்ற எதிர்த்தரப்பு தன் கையிருப்பிலிருந்து ஒரு நிராகரிப்பைச் செலவழிக்க வேண்டி வந்தது. இப்படி ஆள் ஆளாக, கேள்வி பதிலோடு, பக்கம் பக்கமாகப் போகிறது. படிக்க அலுப்பாக இருக்கும். ஆனால் இந்த அலுப்புதான் அந்த ஆவணத்தின் பலம், ஏனென்றால் எல்லாமே கோர்ட் பதிவிலிருந்து எடுத்தது.

இரண்டாவது அடி இன்னும் கூர்மை. அரசுத் தரப்பின் கொள்கை இதுதான்: குண்டு வீசியது யார் என்று தெரிய வேண்டாம், இவர்கள் பேச்சாலும் எழுத்தாலும் வன்முறையைத் தூண்டினார்கள், அதைக் கேட்டு யாரோ வீசினார்கள், ஆகவே இவர்கள் கொலையாளிகள். சட்டப் புத்தகங்களில் இதற்கு முன்னுதாரணம் இல்லை என்று நீதிபதி கேரியே மறுவிசாரணை மனுவைத் தள்ளும்போது ஒப்புக்கொண்டிருந்தார். ஆல்ட்கெல்ட் பிடித்த பிடி இங்கேதான். வீசியவன் யாரென்றே தெரியாதபோது, அவன் இவர்களுடைய பேச்சைக் கேட்டான், எழுத்தைப் படித்தான், அதனால்தான் வீசினான் என்று எப்படி நிரூபித்தீர்கள்? தூண்டுதலுக்கும் செயலுக்கும் நடுவே சங்கிலி வேண்டும், இங்கே சங்கிலியின் ஒரு முனையே இல்லை. இன்றைக்கும் பேச்சுக்காக ஒருவர்மேல் கொலை வழக்குப் போட்டால் நானும் இந்த இடத்திலிருந்துதான் வாதத்தைத் தொடங்குவேன். நீபி விஷயத்தில் அவருக்கு அதிக சிரமமே இல்லை. நீபிக்கு எதிராக வழக்கே இல்லை என்று அரசு வழக்கறிஞர் கிரின்னல் அப்போதே சொன்னதாக மேயர் ஹாரிசன் தந்த வாக்குமூலம் இருந்தது.

ஆவணத்தில் எல்லாமே இதே தரம் என்று நான் சொல்ல மாட்டேன். காவல்துறையின் அடிதடியால் பாதிக்கப்பட்ட யாரோ பழிவாங்கத்தான் குண்டு வீசியிருக்க வேண்டும் என்று ஆல்ட்கெல்ட் ஒரு கட்டத்தில் போய்விடுகிறார். அது ஊகம். வீசியவன் யாரென்று தெரியாது என்று அரசுத் தரப்பை மடக்கியவர், தானே அவனுடைய நோக்கத்தைச் சொல்லப் புறப்படுவது சரியில்லை. அப்புறம் நீதிபதி கேரியின் பாரபட்சம். அவர் எதிர்த்தரப்பிடம் குரூரத்தோடு நடந்துகொண்டார் என்ற குற்றச்சாட்டை எடுத்துக் கூறிவிட்டு, பதிவுகள் அதை ஆதரிப்பதாகத்தான் தெரிகிறது, ஆனால் இதை மேலும் விவாதிக்க விரும்பவில்லை என்று முடிக்கிறார். விவாதிக்க விரும்பாதவர் எழுதாமலே விட்டிருக்கலாம். இதற்குப் பின்னால் சொந்தக் கோபம் இருந்தது என்று சில வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். இருவரும் ஒரே கோர்ட்டில் நீதிபதிகளாக இருந்தவர்கள். ஆல்ட்கெல்ட் தன் சொத்துக்கு வாங்கிய இழப்பீட்டுத் தீர்ப்பு மேல்முறையீட்டில் ரத்தானபோது ரத்துசெய்தவர்களில் கேரியும் ஒருவர் என்கிறார்கள். போதாக்குறைக்கு 1893 ஏப்ரலில் கேரி தன் விசாரணையை நியாயப்படுத்திப் பத்திரிகையில் கட்டுரை எழுதியிருந்தார். கோபம் நடையைக் காரமாக்கியிருக்கலாம். ஆனால் 981 பேரின் கேள்வி பதிலைக் கோபம் உண்டாக்க முடியாது. அது ஏற்கெனவே கோர்ட் கட்டில் இருந்தது.

1893 ஜூன் 26 அன்று உத்தரவு வந்தது. அதற்கு முந்தின நாள்தான் வால்ட்ஹைம் கல்லறையில் தூக்கிலிடப்பட்டவர்களுக்கான நினைவுச் சின்னம் திறக்கப்பட்டிருந்தது. சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த கோடை அது. செப்டம்பரில் விவேகானந்தர் பேசியதும் இதே ஊரில்தான், இதே ஆளுநர் காலத்தில்தான். அந்த வருடம் வங்கிகள் சரிந்து பணக்காரர்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைகள் பாய்ந்தன. இவர் உடம்பில் ஒரு சொட்டு அமெரிக்க ரத்தம் இல்லை, அமெரிக்கரைப் போல யோசிக்கவும் தெரியவில்லை என்கிற தொனியில் சிகாகோ டிரிப்யூன் எழுதியது. கைக்குழந்தையாக வந்து, 16 வயதில் அந்த நாட்டுக்காகப் போருக்குப் போனவரைப் பற்றித்தான் இப்படி. ‘ஜெர்மானியருக்கு ஜெர்மானியர் உதவினார்’ என்ற பேச்சு இந்த வயலில் விளைந்தது. விடுதலையானவர்களைப் பாருங்கள்: ஃபீல்டன் இங்கிலாந்தின் லாங்க்ஷயரில் பிறந்தவர், நீபி நியூயார்க்கில் பிறந்தவர், ஷ்வாப் ஒருவர்தான் ஜெர்மனியில் பிறந்தவர். ஜெர்மானியர் வாக்குகள் 1892-இல் அவருக்கு உதவியது உண்மைதான். பள்ளிகளில் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கிய எட்வர்ட்ஸ் சட்டத்தின்மேல் அவர்களுக்கு இருந்த கோபம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதற்கும் இந்த உத்தரவுக்கும் முடிச்சுப் போட எந்தச் சான்றும் இல்லை.

நீங்கள் படித்திருக்கக்கூடிய சில கதைகளைக் கவனமாகக் கையாள வேண்டும். ‘இதில் கையெழுத்துப் போட்டால் அன்றோடு நான் அரசியலில் செத்தவன்’ என்று டாரோவிடம் அவர் சொன்னதாக ஒரு கதை புழங்குகிறது. அது டாரோ முதுமையில், பல பத்தாண்டுகள் கழித்து எழுதிய நினைவுகளிலிருந்து வருவது. கருத்து சரியாக இருக்கலாம், அந்த வார்த்தைகளேதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். டிராம் முதலாளி யெர்க்ஸ் பெரும் தொகை லஞ்சம் கொடுக்க முன்வந்து இவர் மறுத்தார் என்பதும் அப்படியே. 1895-இல் யெர்க்ஸுக்குச் சாதகமான மசோதாக்களை ஆல்ட்கெல்ட் தடுத்து நிறுத்தியது பதிவில் இருக்கிறது. லஞ்சத் தொகை செவிவழிச் செய்தி.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி. விடுதலை உத்தரவோடு அரசியல் முடிந்திருந்தால் 1896-ஐ விளக்க முடியாது. நடுவில் 1894-இல், ரயில் பெட்டி செய்யும் புல்மன் கம்பெனியில் தொடங்கிய வேலைநிறுத்தம் வந்தது. ரயில்கள் நின்றன. அதிபர் குரோவர் கிளீவ்லண்ட், ஆல்ட்கெல்ட்டின் சொந்தக் கட்சிக்காரர், மாநிலம் கேட்காமலேயே சிகாகோவுக்கு மத்தியப் படையை அனுப்பினார். மாநிலப் படை தயாராக இருக்கிறது, யாரும் உதவி கேட்கவில்லை, படையைத் திருப்பி அழையுங்கள் என்று ஜூலை 5 அன்று ஆல்ட்கெல்ட் நீண்ட தந்தி கொடுத்தார். மறுநாள் இன்னொன்று. கிளீவ்லண்ட் சுருக்கமாகப் பதில் சொல்லி ஒதுக்கிவிட்டார். 1895-இல், வேலைநிறுத்தத் தலைவர் டெப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் மத்திய அரசின் பக்கமே நின்றது. இதை வைத்து ஆல்ட்கெல்ட் கலவரத்துக்குத் துணைபோனார் என்று சொன்னார்கள். அது பொய். மேயர் கேட்டவுடன் அவர் மாநிலப் படையை இறக்கினார். ஜூலை 7 அன்று அந்தப் படையே கூட்டத்தின்மீது சுட்டு ஆட்கள் இறந்தார்கள். மாநிலத்தின் அதிகாரத்தைப் பற்றிய சண்டை அது, ஒழுங்கு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல.

இரண்டு வருடம் கழித்து, 1896 ஜூலையில், ஜனநாயகக் கட்சி மாநாடு சிகாகோவிலேயே கூடியது. அங்கே கட்சியைக் கிளீவ்லண்ட் கையிலிருந்து பிடுங்கியவர்களில் முன்னணியில் நின்றவர் ஆல்ட்கெல்ட். உள்ளூர் விவகாரங்களில் மத்திய அரசு தலையிடுவதையும் வேலைநிறுத்தங்களைக் கோர்ட் தடையாணையால் அடக்கி ஆட்சி நடத்துவதையும் கண்டித்துக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலேயே எழுதவைத்தார்கள். வெளிநாட்டில் பிறந்தவர் என்பதால் அதிபர் பதவிக்கு அவர் நிற்கவே முடியாது, வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் நின்றார். விடுதலை உத்தரவுக்கு மூன்று வருடம் கழித்து, ஆளும் அதிபரையே தன் கட்சியில் ஓரங்கட்டும் செல்வாக்கோடு இருந்தவரை ‘முடிந்துபோனவர்’ என்று எப்படிச் சொல்வது? அந்த நவம்பரில் ஆளுநர் மறுதேர்தலில் குடியரசுக் கட்சியின் ஜான் டானரிடம் ஒரு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் தோற்றார். ஆனால் இல்லினாயில் பிரையனும் தோற்றார், ஆல்ட்கெல்ட்டைவிட மோசமாக. 1892-இல் வாங்கியதைவிட ஆல்ட்கெல்ட் 1896-இல் அதிக வாக்குகள் வாங்கினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பொருளாதார மந்தமும், தங்கத்தோடு வெள்ளியையும் தாராளமாக நாணயமாக்குவதா என்ற சர்ச்சையும் கட்சியையே புரட்டிப்போட்ட தேர்தல் அது. விடுதலை உத்தரவு எதிராளிகளுக்கு நல்ல ஆயுதமாக இருந்தது. தியோடர் ரூஸ்வெல்ட் சிகாகோவுக்கே வந்து அவரை வறுத்தெடுத்தார். ஆயுதம் அது, ஆனால் தோல்விக்குத் தனிக்காரணம் அது என்று கணக்குக் காட்ட முடியாது என்பது என் தீர்மானம்.

சோசலிஸ்டா என்றால், இல்லை. சொத்துரிமையை அவர் மறுக்கவில்லை, புரட்சியை நம்பவில்லை. அவர் காலத்தின் உருப்படியான சாதனை என்று நான் நினைப்பது 1893-இன் தொழிற்சாலைச் சட்டம். 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தொழிற்சாலை வேலை கூடாது, பெண்களுக்கு எட்டு மணி நேரம்தான். அதை அமல்படுத்த ஃபிளாரன்ஸ் கெல்லி என்ற பெண்ணைத் தலைமை ஆய்வாளராக நியமித்தார். 1895-இல் எட்டு மணி நேரப் பிரிவை மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது; எத்தனை மணி நேரம் உழைப்பது என்று ஒப்பந்தம் போடும் பெண்களின் சுதந்திரத்தைப் பறிக்கிறதாம். தொழிலாளர் சட்டம் படிப்பவர்கள் ஹேமார்க்கெட் உத்தரவைவிட இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பேன். 1923-இல் சென்னையில் முதன்முதலாக மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரும் வக்கீல்தான் என்பதால் நம் ஆட்கள் இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதுண்டு. சிங்காரவேலர் தன்னைக் கம்யூனிஸ்ட் என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஆல்ட்கெல்ட் அந்த ரகம் இல்லை.

பதவி போனபின் மனிதர் நொடித்துப்போனார். புதிய ஆளுநர் பதவியேற்ற அன்று, வழக்கமாக விடைபெறுபவர் ஆற்றும் உரைக்குக்கூட இவருக்கு இடம் தரவில்லை. யூனிட்டி கட்டடம் கைவிட்டுப் போயிற்று. 1899-இல் சிகாகோ மேயர் பதவிக்குச் சுயேச்சையாக நின்று தோற்றார். கடைசியில் டாரோவின் அலுவலகத்தில் சேர்ந்து மறுபடி வக்கீல் தொழில் பார்த்தார். 1902 மார்ச் 11 இரவு ஜோலியட் நகரில், பிரிட்டனோடு போரிட்டுக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்கப் போயர்களுக்கு ஆதரவான கூட்டத்தில் பேசி முடித்தவர் மயங்கி விழுந்து, மறுநாள் இறந்தார். வயது 54.

அந்த மூவர்: மைக்கேல் ஷ்வாப் காசநோயால் 1898-இலேயே இறந்தார். ஆஸ்கர் நீபி சிகாகோவில் மதுக்கடை நடத்தி 1916 வரை இருந்தார். அவர் சிறையில் இருந்தபோதே மனைவி இறந்திருந்தார். சாமுவேல் ஃபீல்டன் கொலராடோவில் கால்நடைப் பண்ணை வாங்கிக்கொண்டு ஒதுங்கி, 1922-இல் இறந்தார். எட்டுப் பேரில் வால்ட்ஹைமில் அடக்கமாகாதவர் அவர் ஒருவர்தான். அந்த நினைவுச் சின்னத்தின் பின்புறத்தில் ஆல்ட்கெல்ட்டின் விடுதலை உத்தரவிலிருந்து ஒரு பகுதியைப் பதித்திருக்கிறார்கள். சிகாகோ போகிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் முன்பக்கச் சிலையோடு அதையும் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். பெரும்பாலோர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.